விளக்கை ஊதி அணைக்கும் வழக்கம்

சிவமயம்

சைவாசிரியர்களே!

ஐம்பது வயசைக் கடந்தவர்க்கு வரும் நோய்களுள்ளே வைத்தியர் கணக்கில் அகப்படாத நோய் ஒன்று உண்டு. அஃதாவது, இக்காலத்து வழக்கங்களைக் கண்டு முறுமுறுத்தல். அந்நோய் அடியேனையும் பற்றியிருத்தலால், அதன் குறிகளை யான் நன்கறிவேன். பாடசாலையிலே இடைவேளைக்கு மணியடித்துத் தேநீர் வந்தவுடன் எங்களுள் ஒருவர் தொடங்குவார். கலியாணத்துக்கு முன்னரே மணமகனையும் மணமகளையும் கடற்கரையிலும் வயல்வரம்பிலும் ஓடவிட்டுப் படம்பிடிக்கின்றார்களே, இஃதென்ன முறை என்பார் அவர். பூப்பு நீராட்டு விழாவிலே சின்னஞ்சிறு பிள்ளையைச் சினிமாப் பாட்டுக்கு ஆடவைக்கின்றார்களே என்பார் மற்றொருவர். இலையிலே சோறு இட்டவுடன் கடவுளை நினையாது, அச்சோற்றைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகின்றார்களே என்பார் மூன்றாமவர். பிறக்கப்போகும் பிள்ளை ஆணோ பெண்ணோ என்பதை நீலப் பொடியோ இளஞ்சிவப்புப் பொடியோ தூவி அறிவிக்கும் கூத்தொன்று, 2008ஆம் வருஷத்தளவிலே அமெரிக்கா தேசத்திலே தொடங்கி, கைத்தொலைபேசி வழியாக நம்மவர் கண்களிலும் வந்து விழுகின்றது. அதனைச் சொல்லி எல்லாரும் தலையில் அடித்துக்கொள்வோம். மீண்டும் மணியடிக்கும். எழுந்து வகுப்புக்குப் போவோம். போய், சற்றுமுன் பேசியவற்றுள் ஒரு சொல்லேனும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், பாடபுத்தகத்தைத் திறப்போம்.

இம்முறுமுறுப்பினால் இதுகாறும் ஒரு வழக்கமாயினும் நின்றதுண்டோ? ஒரு பிள்ளையாயினும் திருந்தியதுண்டோ? இல்லையே. ஆதலால், பல வழக்கங்களையும் ஒருங்கே எடுத்து வைது மனம் ஆறுதலை விடுத்து, ஒன்றே ஒன்றை எடுத்து, அது யாது, எங்கிருந்து வந்தது, ஏன் வேரூன்றியது, அதன்பொருட்டு நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இன்று ஆராய்வோம். அவ்வொன்றாவது, பிறந்தநாளிலே கேக்கின்மேல் மெழுகுதிரிகளைக் கொளுத்தி, அவற்றை வாயால் ஊதி அணைத்து, சூழநின்றோர் கைகொட்டும் வழக்கம். இது சிறிய காரியமன்றோ, இதற்கொரு பிரசங்கம் வேண்டுமோ எனின், வேண்டும். எத்துணைச் சிறிதாயினும், பிள்ளை தன் வாழ்நாளில் விளக்கைக் குறித்து முதன்முதற் கற்கும் செயல் அதுவேயாகிவிட்டது. பாடசாலைக்கு வருமுன்னரே பிள்ளை விளக்கை அணைக்கக் கற்று வருகின்றது. ஏற்றக் கற்று வரும் பிள்ளைகளோ நாளுக்கு நாள் அருகுகின்றார்கள்.

முதலாவது, விளக்கு நமக்கு யாது என்பதைச் சிந்திப்போம். பரமசிவன் நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், சூரியன், சந்திரன், ஆன்மா என்னும் எட்டினையும் தமக்குத் திருமேனியாகக் கொண்டருளுகின்றார். இவ்வட்டமூர்த்தங்களுள் ஒன்று தீ. ஆதலால் விளக்கின் சுடர் நமக்கு வெறும் வெளிச்சமன்று. மின்சாரம் வீடுதோறும் வந்தபின்னும் அந்தி வேளையிலே சுவாமி அறையில் விளக்கேற்றுதல் ஒழியாமைக்குக் காரணம் இதுவே. வெளிச்சத்தின்பொருட்டாயின் அவ்விளக்கு எப்பொழுதோ ஒழிந்திருக்கும்.

திருத்தொண்டர் அறுபத்துமூவருள்ளே விளக்கிடும் தொண்டினாலேயே பேறு பெற்றோர் மூவரை இங்கே நினைத்தல் தகும். நமிநந்தியடிகள் திருவாரூரிலே அந்திப்பொழுதில் விளக்கிற்கு நெய் கேட்டு ஒரு மனைக்குச் சென்று, அம்மனையோரால் இகழப்பட்டு, இறைவன் அருளிய வண்ணம் குளத்து நீரை முகந்து வார்த்து விளக்கெரித்தார். கணம்புல்லர் வறுமையுற்றபின் கணம்புல்லை அரிந்து விற்று அவ்விலைக்கு நெய் வாங்கி எரித்து, புல் விலைப்படாத நாளிலே அப்புல்லையே எரித்து, அதுவும் நியமித்த யாமமளவும் போதாதாகத் தம்முடைய தலைமயிரையே விளக்கில் மடுத்தார். திருவொற்றியூரிலே எண்ணெய் வணிகராகிய கலியநாயனார், பொருளெல்லாம் ஒழிந்து, எண்ணெய்க்கு வழியின்றித் தம் இரத்தத்தையே வார்ப்பேமெனத் துணிந்து கழுத்தை அரியுங்கால் இறைவனால் தடுத்தாட்கொள்ளப்பட்டார். இம்மூவரும் செய்தது யாது? எரியும் விளக்கு அணையாமற் காத்தல். இஃதொன்றே. மக்களேயன்றி ஓர் எலியும் இதனாற் பயனடைந்தது. திருமறைக்காட்டுத் திருக்கோயிலிலே நெய்யுண்ண வந்த எலியின் மூக்குப் பட்டு, அவியப்போன திரி தூண்டப்பெற்றது. அறியாமற் செய்த அத்தூண்டுதலாலே அவ்வெலி மறுபிறப்பிலே மகாபலிச் சக்கரவர்த்தியாயிற்று என்பது புராண வரலாறு. விளக்கை அறியாமல் தூண்டிய எலிக்கு அப்பேறு எனின், அறிந்து அணைத்துக் கைகொட்டும் நமக்கு யாது சொல்வது?

நம் யாழ்ப்பாணத்து மனைகளிலும் இவ்வுணர்ச்சி ஊறியிருந்தது. கார்த்திகை விளக்கீட்டன்று படலையிலே வாழைக்குற்றி நாட்டி அதன்மேல் விளக்கேற்றி, வளவு முழுவதும் பந்தம் வைப்பர். விளக்கை நூர்க்க வேண்டிய வேளையிலே பூவினாலேனும் துணைத்திரியினாலேனும் நூர்ப்பரன்றி வாய் வைத்து ஊதார். ஆச்சிமார் அணைத்தல் என்னும் சொல்லையும் அஞ்சிக் குளிரச் செய்தல் என்பர். வாயினின்று வரும் காற்று எச்சிலோடு கூடியது. ஆதலால் வழிபாட்டுக்குரிய பொருளின்மேல் அது படலாகாது. கதிர்காமத்திலும், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும், பூசை செய்வோர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு பூசை செய்யும் முறைமையை நீங்கள் கண்டிருப்பீர்கள். தம் மூச்சும் சுவாமிமேற் படாதிருக்க வாயைக் கட்டுவோரிடையே வாழும் நாம், பிள்ளையின் வாயைத் திறந்து, சுடர்மேல் ஊது என்று ஏவுகின்றோம்.

கண்ணப்பர் வாயிலே கொணர்ந்த நீரையன்றோ இறைவன் திருமஞ்சனமாகக் கொண்டான், எச்சில் என்பது எங்கே போயிற்று என்பாரும் உளர். நல்ல வினாவே. கண்ணப்பர்க்கு வேறு கலமில்லை. ஒரு கையில் வில்லும் அம்பும், மற்றொரு கையில் ஊன் பொதிந்த கல்லை, தலையிலே பூ, எஞ்சியது வாய். அவர் செய்கையை மெச்சுவார் அக்காட்டில் ஒருவருமிலர். அன்பு ஒன்றே அச்செய்கைக்குக் காரணம். அன்றியும், அவரைப் புகழ்ந்த இறைவன் ஆகம வழி நின்ற சிவகோசரியாரைக் கடிந்ததுமில்லை. மறைந்திருந்து கண்டு தெளியும்படி அவர்க்கும் அருள்செய்தான். நமக்கோ கலமும் உண்டு, பூவும் உண்டு, நூர்க்கும் முறைமையும் உண்டு. இவையெல்லாம் இருக்க வாயை நாடுதற்குக் கண்ணப்பரைச் சாட்சிக்கு அழைத்தல் முறையன்று.

இரண்டாவது, இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? இது கிறிஸ்து சமயத்தார் வழக்கம், அவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று நம்மவர் பலர் சொல்லுகின்றனர். அடியேன் கிறிஸ்துமார்க்கத்தார் நடத்திய பாடசாலையிலே கல்வி கற்றவன். ஆதலால் இதிலே நேர்மையாகச் சாட்சி சொல்லக் கடமைப்பட்டேன். அங்கே ஆராதனை முடிந்தபின், ஒரு பையன் நீண்ட கோலின் நுனியிலே சிறு மணிபோன்ற மூடியொன்றைக் கொண்டுவந்து, பீடத்து மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாய்க் கவித்து அமைதியாக அணைப்பான். வாயால் ஊதுதலை யான் அங்கே ஒருநாளும் கண்டதில்லை. ஆகவே, பிறர் சமயமும் தன் ஆராதனை விளக்கை ஊதி அணையாது என்பதை அறியுங்கள். நம்முடைய சோர்வினாலே புகுந்த வழக்கத்துக்குப் பிறர் சமயத்தைப் பழிசொல்லித் தப்புதல் சைவநீதியன்று.

மேனாட்டார் வரலாற்றிலே, 1746ஆம் வருஷம் ஜெர்மனி தேசத்துச் சின்சென்டோர்ப் என்னும் பிரபுவின் பிறந்தநாளிலே, பெரியதொரு கேக்கில் அவர் வயசின் அளவாக மெழுகுதிரிகள் நாட்டப்பட்டன என்னும் குறிப்பு உண்டு. பின்பு அத்தேசத்துப் பிள்ளைகள் விழாவிலே அது பரவி, கடல்கடந்து அமெரிக்காவிற் பெருகி, அங்கிருந்து உலகெங்கும் சென்றது. அவர்க்கு அது வீட்டு விளையாட்டு. விளக்கை வழிபடும் வழக்கம் அவர் மனைகளில் இல்லாமையால், ஊதுதலிலே அவர்க்குக் குற்றமுமில்லை. ஒருவர்க்கு விளையாட்டாவது மற்றொருவர்க்கு அபசாரமாதல் உண்டு. அவ்விரண்டையும் பிரித்தறிதலே கல்வி. 2017ஆம் வருஷத்திலே அமெரிக்காவிற் கிளெம்சன் சர்வகலாசாலையார் ஆராய்ந்து, ஊதப்பட்ட கேக்கின் மேற்பூச்சிலே கிருமிகள் நூற்றுக்கு 1,400 பங்கு அதிகப்பட்டன என்று வெளியிட்டனர். இதனைக் கேட்டவுடன், பார்த்தீர்களா, ஆச்சி சொன்னதை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது என்று துள்ளுவோர் நம்முள் இருக்கின்றனர். துள்ளாதீர்கள். ஆச்சி கிருமியை எண்ணிச் சொல்லவில்லை. சுடரை எண்ணிச் சொன்னாள். விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தாலன்றி நிற்கமாட்டாத ஆசாரம் நாளை வேறோர் ஆராய்ச்சி வந்தவுடன் விழும்.

அந்நாளிற் பாடப்படும் பாட்டின் வரலாறும் ஆசிரியர்களாகிய நாம் அறியத்தக்கது. அமெரிக்காவிலே கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரத்தில் மில்றெட் ஹில், பற்றி ஹில் என்னும் சகோதரிகள் இருவர் இருந்தனர். மூத்தவர் இசை வல்லவர். இளையவர் பாலர் பாடசாலை ஆசிரியை. காலையிலே வகுப்புக்கு வரும் சிறுவர்க்கு வந்தனம் சொல்லும் எளிய பாட்டொன்றை அவ்விருவரும் இயற்றி 1893ஆம் வருஷத்திலே அச்சிட்டனர். அதன் இசைக்கே பின்னாளிற் பிறந்தநாள் வாழ்த்தின் சொற்கள் ஏறின. இன்று உலகத்திலே அவ்விசை ஒலியாத ஊரில்லை. ஆசிரியர்களே, இதனைச் சற்றே எண்ணிப்பாருங்கள். அதனைப் பரப்பியது படையன்று, அரசன்று, ஆரம்பத்திலே பணமுமன்று. பிள்ளை பாடத்தக்கது எதுவென்று தேடிய பாலர் பாடசாலை ஆசிரியை ஒருவரின் கவலையே அதற்கு வித்து. நாமோ அப்பாட்டைக் கேட்டு முகஞ்சுளிக்கின்றோம். பிறந்தநாளிலே நம் பிள்ளை பாடுதற்கு நாம் எதனைக் கற்பித்தோம்? திருமுறையிலே பிள்ளையின் வாய்க்கு எளிதாகிய பதிகங்கள் இல்லாமற்போயினவோ?

மூன்றாவது, இவ்வழக்கம் ஏன் இவ்வளவு விரைவிலே வேரூன்றியது? இனிப்பினாலன்று, பாட்டினாலுமன்று. காட்டுதற்கு எளிதாதலினாலே. ஜன்ம நட்சத்திரத்திலே காலையில் முழுகி, கோயிலுக்குப் போய்ப் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்வித்து, திருநீறணிந்து, தாய் தந்தையர் காலில் வீழ்ந்து வணங்கி, இயன்ற அளவு ஏழைகளுக்கு அன்னமிடும் பிள்ளையைப் படம்பிடித்தால் அதிலே பிறர் வியக்கத்தக்க பளபளப்பு ஒன்றுமில்லை. ஊதுங்கால் சுடர் அசைகின்றது, கன்னம் உப்புகின்றது, எல்லாரும் ஆரவாரிக்கின்றனர். அரை நிமிஷக் காணொளிக்கு அதைவிட ஏற்றது வேறில்லை. ஆகவே, நம்முடைய கொண்டாட்டங்கள் காணுதற்குரியனவாதல் ஒழிந்து, காட்டுதற்குரியனவாகிவிட்டன. இக்காலத்துப் புதுமைகள் அனைத்திற்கும் மூலம் இவ்வொன்றே. வேறு வேறு நோய்கள் என்று நாம் எண்ணி முறுமுறுப்பனவெல்லாம் ஒரே நோயின் குறிகள்.

அது கோயிலினுள்ளும் புகுந்துவிட்டது. திருவிழாக் காலத்திலே தீபாராதனை நிகழும் பொழுதைப் பாருங்கள். கருவறையின் இருளிலே மூர்த்தியைச் சுடர் காட்டுகின்றது. ஆணவ இருளிலே கிடந்த ஆன்மாவுக்கு அருளொளியினாலே சிவம் புலப்படும் என்பதை நாள்தோறும் நமக்கு அறிவிக்கும் பாடம் அது. அக்கணத்திலே தலைமேற் குவிய வேண்டிய கைகள் கைத்தொலைபேசியைத் தூக்கி நிற்கின்றன. தந்தையின் தோள்மேல் இருக்கும் பிள்ளை சுவாமியைக் காணுதல் இல்லை; முன்னிற்பவருடைய கண்ணாடித்திரையிலே ஒரு சிறு சுடரைக் காண்கின்றது. சில கோயிலார் உள்ளே படம் பிடித்தலை விலக்கியது இதுபற்றியே. இன்னும் சிலர் சுவாமிக்கு முதுகு காட்டி நின்று, சுவாமியைத் தமக்குப் பின்னணியாக வைத்துத் தம்மையே படம்பிடிக்கின்றனர். அப்படத்துக்கு ஆங்கிலத்திலே வழங்கும் செல்பி என்னும் பெயரை, ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர் 2013ஆம் வருஷத்துச் சொல்லாகத் தெரிந்தெடுத்தனர். தானென்பதை அழிக்க வந்த இடத்திலே தன்னையே படமாக்கித் திரும்புதல் எவ்வளவு பரிதாபம்!

பூசலார் நாயனார் வரலாறு இதற்கு மருந்தாகும். காடவர்கோன் காஞ்சியிலே கல்லாற் கோயிலெடுத்துக் குடமுழுக்குக்கு நாட்குறித்தான். திருநின்றவூர்ப் பூசலாரோ பொருள் கிடையாமையால் மனத்திலே கல்லும் மரமும் தேடி, மனத்திலே தச்சரை அழைத்து, மனத்திலே கோயில் கட்டி அதே நாளைக் குறித்தார். இறைவன் மன்னன் கனவிலே தோன்றி, நாளை பூசலார் கோயிலிற் புகுவேம், நீ வேறொரு நாள் கொள்க என்றருளினான். மன்னன் திருநின்றவூருக்கு வந்து, அக்கோயில் எங்கேயென்று வினாவ, ஊராருள் ஒருவர்க்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டானும் காணாத கோயிலிலே இறைவன் எழுந்தருளினான். காட்டுதற்கு அங்கே ஒன்றுமில்லை. காணுதற்கு எல்லாம் இருந்தன.

இவ்வளவும் சொன்னமையால் கைத்தொலைபேசியை உடைத்தெறியுங்கள் என்பது எம் கருத்தென்று கொள்ளற்க. நம்மவர் இலட்சக்கணக்கானோர் யுத்தத்தினாலே சிதறிக் கனடாவிலும் இங்கிலாந்திலும் பிற தேசங்களிலும் வாழ்கின்றனர். பனிமழை பெய்யும் நாட்டிலே நான்கு சுவரினுள் இருக்கும் மூதாட்டியொருவர், நல்லூர்த் தேரை அக்கருவியிற் கண்டு கண்ணீர் சொரிந்து கைகூப்புவாராயின், அவர் கையில் அக்கருவி சிவபுண்ணியத்துக்குத் துணையாயிற்று. தேர்முட்டியின் முன்னே நின்றுகொண்டு தேரைப் பாராது திரையைப் பார்ப்பவன் கையில் அதுவே திரோதானமாயிற்று. கருவி ஒன்றே, பயன் இரண்டு.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் இதிலே நமக்கு வழிகாட்டி. அவர்கள் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பிலே துணைசெய்தவர்கள். பாதிரிமாரிடத்துக் கண்ட புதிய வழிகளைக் கண்டு முறுமுறுத்துக்கொண்டு திண்ணையில் இருந்தார்களில்லை. 1847ஆம் வருஷத்திலே வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கம் தொடங்கினார்கள். 1848ஆம் வருஷத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். 1849ஆம் வருஷத்திலே சென்னப்பட்டணம் சென்று அச்சியந்திரம் கொண்டுவந்தார்கள். பாலபாடமும் சைவவினாவிடையும் செய்தார்கள். புதியது என்பதுபற்றி ஒன்றைத் தள்ளாமலும், பழையது என்பதுபற்றி ஒன்றைக் கொள்ளாமலும் நின்றமையாலேயே, சைவர்களுடைய கோயில்களிலே நிகழ்ந்த உயிர்ப்பலி முதலியவற்றையும் அஞ்சாது கண்டித்தார்கள். சைவவினாவிடையின் பெயரைக் கவனியுங்கள். பிள்ளை வினாவும், ஆசிரியன் விடை சொல்லுவான். விடையில்லாத ஆசிரியன் கண்டித்தற்கு உரியனல்லன். இதனை அடியேன் நூலிற் கற்றும் உணரவில்லை. ஒரு சிறுமியிடத்தே உணர்ந்தேன். அதனைச் சொல்ல வெட்கமாயிருக்கின்றது, எனினும் சொல்லுகின்றேன்.

சில வருஷங்களின்முன், எம் பாடசாலையிலே இரண்டாம் வகுப்புப் பிள்ளையொன்று, முதனாள் நிகழ்ந்த தன் பிறந்தநாட் படத்தைத் தோழிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் தந்தை பிறதேசத்தில் வேலைசெய்பவர். சர்ப்பிரைஸ் என்னும் பெயரால் வீட்டு வாசலிலே கேக்கும் பரிசும் கொண்டுவந்து இறக்கும் ஆட்களிடம் அவர் பணம் கட்டியிருந்தார். பிள்ளை மெழுகுதிரிகளை ஊதிநின்ற படம் அது. யான் அப்படத்தை வாங்கிப் பார்த்து, வகுப்பு முழுவதும் கேட்க, விளக்கை ஊதி அணைக்கும் பிள்ளை சைவப் பிள்ளையோ என்று கேட்டுவிட்டேன். மற்றைப் பிள்ளைகள் சிரித்தனர். அது அழுதது. யான் ஒரு பெரிய சமயத்தொண்டு செய்தவனைப்போல என் இருக்கைக்கு மீண்டேன்.

மறுநாட் காலையிலே அப்பிள்ளை என் மேசையருகே வந்து நின்றது. “ஐயா, நான் ஊதுகிறதை அப்பா போனிலே பார்த்துக்கொண்டிருந்தவர். அங்கே அப்பொழுது இரவு. அதைப் பார்க்கத்தான் நித்திரை கொள்ளாமல் இருந்தவர். ஊதக்கூடாதென்றால் நான் என்ன செய்யவேண்டும்? அப்பாவுக்கு எதைக் காட்டவேண்டும்?” என்று கேட்டது.

முப்பது வருஷம் கற்பித்தவன், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் வினாவுக்கு விடையின்றி இருந்தேன். ஊதாதே என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாகச் செய் என்று யான் ஒருநாளும் ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. நட்சத்திரம் என்பது யாதென்று அப்பிள்ளைக்கு நாம் கற்பிக்கவில்லை. விளக்கை ஏற்றும் முறையையும் நாம் கற்பிக்கவில்லை. காட்டுதலே அக்காலத்து நோயென்று யான் கொண்டிருந்தேன். அப்பிள்ளையின் காட்டுதலிலோ தந்தையைக் காணும் ஆசையன்றி வேறொன்றில்லை. குற்றம் ஊதிய வாயில் இருந்ததோ, கற்பியாத வாயில் இருந்ததோ? நீங்களே தீர்ப்புச் செய்யுங்கள்.

அன்று மாலை அவ்வீட்டுக்குப் போனேன். பிள்ளையின் அம்மம்மா வாங்கோ என்று இருத்தினார். பிள்ளையிடம் யான் வகுப்பிலே அப்படிக் கேட்டது பிழை என்று சொன்னேன். பின்பு அவர்களோடு கூடிச் சிறிதொரு முறைமையை ஆராய்ந்தோம். மறுவருஷம் ஜன்ம நட்சத்திரத்திலே கோயிலுக்குப் போய் வந்து, சாயங்காலத்தில், சுவாமி விளக்கிலிருந்து ஒரு சுடரை எடுத்து, வயசுக்கு ஒன்றாகச் சிட்டிகளிலே திரியேற்றி வரிசையாக வைப்பது, தேவாரம் பாடுவது, அம்மம்மாவையும் அம்மாவையும் வணங்குவது, வரும் பிள்ளைகளுக்கு மோதகமும் வடையும் கொடுப்பது. நான் பார்த்திருக்க அப்படியே நிகழ்ந்தது. தாய் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தார். அதனுள்ளே தந்தையின் முகம் தெரிந்தது. எட்டாவது சுடர் ஏறியபொழுது அம்முகம் பேசாமல் இருந்தது, பின்பு கைகூப்பியது. ஒரு மூலையிலே சிறிய கேக்கும் இருந்தது; அதைப் பிள்ளைகள் உண்டனர். யான் ஒன்றும் சொன்னேனில்லை. இனிப்பிற்கும் சைவத்துக்கும் பகையில்லை. விருந்தினர் போனபின், எண்ணெய் குறைந்த சுடர்களை அம்மம்மா செவ்வரத்தம்பூவினாலே ஒவ்வொன்றாய் நூர்க்க, அருகிருந்து பிள்ளை பார்த்தது. பார்த்தது கற்றதாயிற்று.

ஆதலால், ஆசிரியர்களே, அடியேன் உங்களிடம் விண்ணப்பிப்பன இவை.

முதலாவது, உங்கள் வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த மாசத்தையும் நட்சத்திரத்தையும் வீட்டாரிடம் கேட்டு எழுதி வையுங்கள். சந்திரன் ஏறக்குறைய 27 நாளும் 8 மணியும் கொண்டு ஒரு நட்சத்திரத்துக்கு மீளுதலையும், அதனால் ஒரு மாசத்திலே ஒரு நட்சத்திரம் ஒருமுறையோ சிலபொழுது இருமுறையோ வருதலையும் பஞ்சாங்கத்தை விரித்துக் காட்டுங்கள். ஒரே பாடத்திலே சமயமும் கணிதமும் வானநூலும் பிள்ளைக்குக் கிடைக்கும்.

இரண்டாவது, அந்நாளிலே அப்பிள்ளையைக் கொண்டு காலைப் பிரார்த்தனையிலே விளக்கேற்றுவியுங்கள். வசதியுள்ள பிள்ளை, வசதியில்லாத பிள்ளை என்னும் வேறுபாடு இவ்வேற்றுதலிலே இல்லை. கேக்கு வாங்கப் பணமில்லாத வீட்டுப் பிள்ளையும் அன்று வகுப்பின் நடுவே ஒளியோடு நிற்கும். ஒரு தேவாரப் பதிகமேனும் எல்லாரும் கூடிப் பாட அதற்குப் பழக்குங்கள்.

மூன்றாவது, ஏன் என்று பிள்ளை கேட்டால், அப்படித்தான், கேளாதே என்று சொல்லாதீர்கள். விடை தெரியாதாயின், தெரியவில்லை, நாளைக்குச் சொல்லுகின்றேன் என்று சொல்லி, அன்றிரவே நூலைத் தேடுங்கள். நாம் வாயை மூடினால் பிள்ளை கைத்தொலைபேசியைத் திறக்கும். அங்கே எல்லா வினாவுக்கும் விடையுண்டு. எது மெய் எது பொய் என்று பிரித்துக் காட்டும் ஆசிரியன் இல்லை.

நான்காவது, கோயிலுக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லுங்கால், தீபாராதனை முடியுமளவும் ஆசிரியர்கள் முதலிலே தங்கள் கைத்தொலைபேசியை மடியில் வையுங்கள். நம்முடைய கைகள் குவிந்தால் அவர்களுடைய கைகள் குவியும். இது சொல்லிக் கற்பிக்கும் பாடமன்று; நின்று கற்பிக்கும் பாடம்.

ஐந்தாவது, ஒரு பிள்ளையையேனும் அதன் வீட்டு வழக்கத்தின்பொருட்டு வகுப்பின் முன்னே நாணுவியாதீர்கள். நாணிய பிள்ளை அவ்வழக்கத்தை விடாது, நம்மை விட்டுவிடும், நம்மோடு சைவத்தையும் விட்டுவிடும். இதனை யான் செய்து அறிந்தேன். நீங்கள் செய்யாது அறியுங்கள்.

இனித் தேநீர் வேளையிலே முறுமுறுப்பு எழுமாயின், எழுக. முதுமைக்கு அது இயல்பு. ஆயினும் மணியடித்து எழும்பொழுது ஒவ்வொருவரும், இன்று வகுப்பிலே எந்த விளக்கை ஏற்றப்போகின்றேன் என்று தம்மைத் தாமே ஒருமுறை வினாவிக்கொள்ளக்கடவர். இருளை வைதலினாலே இருள் நீங்குவதில்லை. ஏற்றுதலினாலேயே நீங்கும். திரியைத் தூண்டிய எலிக்கும் இரங்கிய பெருமான், நம் சிறு முயற்சிக்கும் இரங்கி, நம் பிள்ளைகளுடைய மனைகளிலே திருவிளக்கு என்றும் அணையாது விளங்கும்படி அருள்செய்வாராக.

திருச்சிற்றம்பலம்.